அறைக்கு நிறம் தேர்ந்தெடுக்க நிற உளவியலை எந்த அளவுக்கு நம்பலாம்?

உங்கள் கேள்வி இது: புது வீட்டுக்குப் போகப்போகிறீர்கள், அதில் ஓர் அறையை அலுவலகமாகவும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள், பலர் சேர்ந்து வேலை செய்யும் இடத்துக்கும் யோசனை வேண்டும். நீலம் அமைதி தரும், மஞ்சள் உற்சாகம் தரும், சிவப்பு கோபத்தைக் கிளப்பும் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறதே, அதை நம்பி எல்லா அறைக்கும் நிறம் முடிவு செய்யலாமா, இல்லை எல்லாம் வெறும் கதையா?

வெறும் கதை இல்லை. நிறம் நம் மனநிலையைத் தொடத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு பெயின்ட் வாங்கப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நான் உள் அலங்கார வேலையில் இருக்கிறேன். அடித்து முடித்த ஒரே மாதத்தில் "வேறு நிறம் மாற்றிவிடலாமா?" என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் நிறத்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்கள். அதன் அழுத்தத்தையும் அறையின் வெளிச்சத்தையும் அவர்கள் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். ஆகவே முதலில் அந்த இரண்டையும் சொல்லிவிட்டு, அப்புறம் ஒவ்வொரு அறையாக வருகிறேன்.

எந்த நிறத்துக்கும் மூன்று குணங்கள் உண்டு. அது என்ன வகை, அதாவது சிவப்பா பச்சையா நீலமா என்பது ஒன்று. சாம்பல் கலக்காமல் எவ்வளவு அழுத்தமாக, பளிச்சென்று இருக்கிறது என்பது இரண்டாவது. வெளிறி இருக்கிறதா, இருண்டிருக்கிறதா என்பது மூன்றாவது. பட்டியல்கள் முதல் குணத்தை மட்டும் பேசுகின்றன. ஆனால் 1994-இல் வால்டெஸ், மெஹ்ரபியன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தபோது, மனநிலையைப் பெரிதும் அசைத்தவை மற்ற இரண்டு குணங்கள்தாம் என்று தெரிந்தது. வெளிர்மை கூடினால் இதம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் மனம் தூண்டப்படுகிறது. நிறவகையின் பங்கு அவற்றைவிடக் குறைவாகவே இருந்தது.

நிறவகையை ராகம் என்று வைத்துக்கொண்டால் அழுத்தம் அதன் சத்தம். எவ்வளவு இதமான ராகமாக இருந்தாலும் முழுச் சத்தத்தில் நாள் பூராவும் ஒலித்தால் தூக்கம் வராது. பளீரென்ற நீலத்தைப் படுக்கையறையின் நான்கு சுவரிலும் அடித்துவிட்டு "நீலம்தானே, ஏன் அமைதியாக இல்லை?" என்று கேட்பதில் பொருளில்லை. அதே நேரம், சிவப்பு வகையைச் சேர்ந்த ஒரு மங்கிய செம்மண் சாயல் படுக்கையறைக்கு அருமையாகப் பொருந்தும். ஷேடு கார்டைக் கையில் எடுத்ததும் பச்சை, நீலம் என்று தாவாமல், "இந்த அறையில் மனம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்?" என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் "கொஞ்சம்தான்" என்றால் சாம்பல் கலந்த, மங்கிய சாயல்களின் பக்கம் போங்கள். எந்த நிறவகை என்பதை அதற்கப்புறம் உங்கள் ரசனைக்கு விட்டுவிடலாம்.

சரி, இந்தப் பட்டியல்கள் எங்கிருந்து வந்தன? நிறத்துக்கும் உணர்ச்சிக்கும் உள்ள உறவை விரிவாக எழுதியவர்களில் முக்கியமானவர் ஜெர்மானியக் கவிஞர் கதே. நிறங்களைப் பற்றிய அவருடைய நூல் 1810-இல் வந்தது. அதில் மஞ்சள் கதகதப்பும் மகிழ்வும் தருவது, நீலம் குளிர்ச்சியும் நிழலும் கொண்டது என்று சொல்லியிருக்கிறார். கூர்ந்து கவனித்து எழுதியவைதான், ஆனால் ஒரு கலைஞரின் கவனிப்புகள். பிற்காலத்தில் வந்த பலர் அவற்றைச் சோதித்து முடிந்த உண்மைகள் போல எடுத்துக்கொண்டார்கள்.

சோதனை என்ற பெயரில் வந்தவற்றிலும் கவனம் தேவை. பேக்கர்-மில்லர் பிங்க் கதையைக் கேளுங்கள். 1979-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு கடற்படைத் தடுப்பு மையத்தின் அறைக்கு இளஞ்சிவப்பு அடித்துப் பார்த்தார்கள். எட்டுப் பங்கு வெள்ளைக்கு ஒரு பங்கு சிவப்பு என்பதுதான் கலவை. அந்த அறையில் அடைக்கப்பட்டவர்களின் முரட்டுத்தனம் தணிந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்டது. அலெக்சாண்டர் ஷாஸ் என்ற ஆய்வாளரின் யோசனை அது. மையத்தின் அதிகாரிகள் இருவரின் பெயரையே அந்த நிறத்துக்கு வைத்தார்கள். பல நாட்டுச் சிறைகள் அதைப் பின்பற்றின. பிறகு சுவிட்சர்லாந்துச் சிறையொன்றில் முறையாகச் சோதித்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள்: இளஞ்சிவப்பு அறையில் இருந்தவர்களுக்கும் சாதாரண அறையில் இருந்தவர்களுக்கும் முரட்டுத்தனத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் முதல் கதையைச் சொல்கிற அளவுக்கு இரண்டாவதை யாரும் சொல்வதில்லை.

இன்னொன்று, "நீலம் படைப்பாற்றலைக் கூட்டும், சிவப்பு நுணுக்கமான வேலைக்கு நல்லது" என்பது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வு அப்படிச் சொன்னது. ஆனால் அதில் பெரும்பாலும் மாற்றப்பட்டது கணினித் திரையின் பின்னணி நிறம். யாரும் சுவரை மாற்றவில்லை. பிறகு அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவும் இல்லை. அதை நம்பி அலுவலகம் முழுக்க நீலம் அடிப்பது வீண்.

இதையெல்லாம் சொன்னதும் நிறத்துக்கு மனத்தோடு சம்பந்தமே இல்லை என்ற எதிர் முடிவுக்கு ஓடிவிட வேண்டாம். 30 நாடுகளைச் சேர்ந்த 4,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நிறங்களையும் உணர்ச்சிகளையும் இணைக்கச் சொல்லி 2020-இல் ஓர் ஆய்வு வெளியானது. வெவ்வேறு நாட்டுக்காரர்களின் பதில்கள் வியக்கத்தக்க அளவு ஒத்துப்போயின. மஞ்சள் என்றால் மகிழ்ச்சி, சாம்பல் என்றால் சோகம் என்று மனத்தில் ஓடும் தொடர்பு நிஜமானது, பரவலானதும்கூட. ஒரு நிறத்தைக் கேட்டதும் மனத்தில் தோன்றும் எண்ணம் அது. அந்த நிறச் சுவர்களுக்கு நடுவே மாதக்கணக்கில் வாழ்வது வேறு அனுபவம். சாம்பல் சுவர் உள்ள அறையில் ஆனந்தமாக இருப்பவர்கள் எத்தனையோ பேர். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு நேராகத் தாவுவதுதான் அந்தப் பட்டியல்களின் பலவீனம்.

தனிப்பட்ட விருப்பத்தைப் பற்றி ஸ்டீஃபன் பால்மர், கேரன் ஷ்லாஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2010-இல் முன்வைத்த விளக்கம் எனக்கு நடைமுறையில் மிகவும் உதவியிருக்கிறது. ஒரு நிறத்தைப் பார்த்ததும் நமக்கு நினைவுக்கு வரும் பொருட்கள் பிடித்தவையாக இருந்தால் அந்த நிறமும் பிடித்துவிடுகிறது, பிடிக்காதவையாக இருந்தால் நிறமும் பிடிக்காமல் போகிறது என்கிறார்கள். தெளிந்த வானமும் சுத்தமான தண்ணீரும் நீலத்துக்குத் துணை நிற்கின்றன. அழுகலும் அழுக்கும் மங்கிய பழுப்புப் பச்சையைக் கீழே இழுக்கின்றன. இதிலேயே ஆளுக்கு ஆள் வேறுபாடும் அடங்கியிருக்கிறது. வெளிர்பச்சைச் சுவர் உள்ள ஆஸ்பத்திரியில் நீண்ட நாள் கிடந்த ஒருவருக்கு அந்த நிறத்தைப் பார்த்தாலே நெஞ்சு அடைக்கலாம், எந்தப் பட்டியல் என்ன சொன்னாலும் சரி. அதனால், வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் "எந்த நிறம் பிடிக்கும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நீங்கள் மனம் லேசாக இருந்த ஓர் இடத்தைச் சொல்லுங்கள், அங்கே சுற்றிலும் என்ன நிறம் இருந்தது?" என்று கேளுங்கள். வரும் பதில் ஷேடு கார்டைவிடப் பயனுள்ளதாக இருக்கும்.

உண்மையிலேயே குடியிருந்து பார்த்த ஆய்வு வேண்டுமென்றால் இத்தாலியில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். ஒரே அமைப்பில் கட்டிய ஆறு மாணவர் விடுதிக் கட்டடங்கள். உட்புறத்தில் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு நிறம்: ஊதா, நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. அங்கே தங்கியிருந்த 443 மாணவர்களிடம் கேட்டு 2018-இல் வெளியிட்டார்கள். அதிகம் பிடித்தது நீலம், அடுத்தது பச்சை. கடைசியில் மஞ்சளும் சிவப்பும். படிப்பதற்கு நீலம் உதவியாக இருப்பதாக மாணவர்கள் கருதினார்கள். மதிப்பெண் கூடியது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் தினமும் பார்த்துக்கொண்டிருப்பதற்கு எது தொந்தரவில்லாமல் இருக்கிறது என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று கிடைப்பது அரிது.

கண்ணின் இயக்கத்தைப் புரிந்துகொண்டு நிறத்தைப் பயன்படுத்தியவர்கள் பெரிதாக வென்றிருக்கிறார்கள். 1914-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர் தம் அறுவை அறையைக் கரும்பச்சையாக மாற்றினார். வெள்ளைச் சுவரும் வெள்ளைத் துணியும் அவர் கண்ணைக் கூசச் செய்தன. சிவப்பையே உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளையைப் பார்த்தால் பச்சை நிறத்தில் ஒரு நிழலுருவம் மிதக்கும். சூழலே பச்சையாக இருந்தால் அது தெரியாது. இன்றும் அறுவை உடைகள் பச்சையிலும் நீலப்பச்சையிலும் இருப்பதற்குப் பின்னால் இந்தத் தர்க்கம் இருக்கிறது. ஃபின்லாந்தில் 1933-இல் திறந்த பைமியோ காசநோய் மருத்துவமனையில் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோ இன்னொரு நுட்பம் செய்தார். நோயாளி மல்லாந்து படுத்தே நாளைக் கழிப்பவர், அவர் பார்ப்பது கூரையைத்தான் என்று யோசித்து, கூரைக்குக் கண்ணை உறுத்தாத பச்சை அடித்தார்; எழுந்து நடமாடும் படிக்கட்டுக்குப் பளிச்சென்ற மஞ்சள் தளம் போட்டார். அந்த இடத்தில் இருப்பவர் எந்த நிலையில், எதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார் என்பதிலிருந்து தொடங்கியதால்தான் அது சரியாக அமைந்தது.

இனி வெளிச்சம். இதை விட்டுவிட்டு நிறம் பேசவே கூடாது. பூமியின் வடபாதியில் வடக்குப் பார்த்த சன்னலுக்கு நேர் வெயில் குறைவாகவே வரும். வானத்தின் நீலம் கலந்த ஒளிதான் பெரும்பாலும் வரும். தென்பாதியில் இதுவே தெற்குச் சன்னலுக்குப் பொருந்தும். அப்படிப்பட்ட அறையில் குளிர்ந்த சாம்பலோ நீலமோ அடித்தால் பகலெல்லாம் சோம்பலாக, ஜில்லென்று இருக்கும். கொஞ்சம் மஞ்சளோ சிவப்போ கலந்த வெளிர் சாயல் அங்கே நன்றாக நிற்கும். மேற்குப் பார்த்த அறையில் மாலை வெயில் ஆரஞ்சாக வந்து விழும். அங்கே ஏற்கெனவே கதகதப்பான நிறம் இருந்தால் மாலையில் சுவர் பற்றி எரிவது போலத் தோன்றும்.

ராத்திரியில் விளக்கு வேறு வேலை செய்கிறது. எல்.ஈ.டி. பல்பின் அட்டையில் 2700 கே, 4000 கே, 6500 கே என்று போட்டிருப்பார்கள். கே என்பது கெல்வின், விளக்கொளியின் நிறச்சாயலைச் சொல்லும் அளவு. 2700 கெல்வின் மஞ்சளாக இருக்கும், 6500 வெண்ணீலமாக இருக்கும். 2700 பல்பில் நீல ஒளி குறைவு. அதனால் பகலில் அழகாக இருந்த சாம்பல்நீலச் சுவர், விளக்கைப் போட்டதும் லேசான பச்சையோடு அழுக்குச் சாம்பலாகிவிடும். சுவரில் ஒரு தவறும் இல்லை, திருப்பி அனுப்ப அங்கே நீல ஒளி இல்லை, அவ்வளவுதான். வாங்கும்போது கெல்வினோடு சி.ஆர்.ஐ. எண்ணையும் பாருங்கள். நிறங்களை எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு அது, 100 உச்சம். 80 போதும் என்பார்கள். நிறத்துக்காக இவ்வளவு யோசிக்கும் நீங்கள் 90-க்கு மேல் எடுங்கள்.

அந்தி நேரத்தில் இன்னொன்றும் நடக்கும். வெளிச்சம் மங்க மங்க, கண் சிவப்பைச் சீக்கிரம் இழந்துவிடும். நீலமும் பச்சையும் சற்று ஒளிர்ந்து நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் அறிஞர் புர்கின்யே இதைக் கவனித்துச் சொன்னார். மங்கல் வெளிச்சத்தில் உட்கார விரும்புகிற அறைக்கு அடர் சிவப்பு எடுத்தால் அது கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரியும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சுவர்கள் ஒன்றுக்கொன்று நிறம் கொடுக்கும். ஷேடு கார்டில் மென்மையாக இருந்த மஞ்சள், நான்கு சுவரிலும் ஏறியதும் எதிர்பார்த்ததைவிட ஏன் இப்படிக் கத்துகிறது? இந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் மஞ்சள் ஒளி எதிர்ச் சுவரில் விழுகிறது, அது மறுபடி இங்கே வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தம் கூடுகிறது. மஞ்சள் அறை ஒன்றின் மூலையில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். சுவருக்குப் பக்கத்தில் தாளின் ஓரம் நன்றாகவே மஞ்சளாகிவிட்டிருக்கும்; அறை நடுவே கொண்டுவந்தால் அது குறையும். நீங்கள் கண்ணாடி பார்க்கும்போது உங்கள் முகத்திலும் இதேதான் விழுகிறது. ஆகவே நான்கு சுவருக்கும் ஒரே நிறம் என்றால், கார்டில் பிடித்த சாயலைவிட ஒரு படி சாம்பல் கூடியதை எடுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே நல்ல சோதனை, பெரிய அட்டை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் தடித்த வெள்ளை அட்டை வாங்கி, சாம்பிள் டப்பாவிலிருந்து இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை விட்டுக் காயவிடுங்கள். பழைய சுவரில் நேராக அடித்தால் பழைய நிறம் பக்கத்திலேயே இருந்து புது நிறத்தைத் திரித்துக் காட்டும். ஒரு நிறத்தின் தோற்றத்தைப் பக்கத்து நிறம் எப்படி மாற்றுகிறது என்பதைப் பாரிஸின் கோபெலின் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஷெவ்ரல் 1839-லேயே விரிவாக எழுதிவிட்டார். அட்டை தயாரானதும் காலையில் சன்னலுக்கு எதிர்ச் சுவரில் சாய்த்து வையுங்கள், மதியம் சன்னல் பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். சன்னல் உள்ள சுவரில் ஒளி நேராக விழாததால் அதே பெயின்ட் அங்கே இரண்டு படி இருண்டு தெரியும். ராத்திரி, நீங்கள் நிஜமாகவே போடப்போகிற பல்பின் கீழ் பாருங்கள். தரை ஓடும் சோபாத் துணியும் பக்கத்தில் இருக்கட்டும். இதில் இரண்டு மூன்று நாள் செலவழித்தால் பிறகு பல ஆண்டு நிம்மதி.

படுக்கையறைக்கு என் பரிந்துரை எளிது: எந்த நிறவகையானாலும் அழுத்தம் குறைவாக, கொஞ்சம் இருட்டாகவும் இருக்கலாம். "நீல ஒளி தூக்கத்தைக் கெடுக்கும் என்கிறார்களே, நீலச் சுவர் கூடாதா?" என்று பலர் குழம்புகிறார்கள். விழித்திரையில் 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளிக்கு அதிகம் எதிர்வினை காட்டும் செல்கள் உண்டு. உடல் கடிகாரத்துக்குப் பகல், இரவு சொல்பவை அவை. திரையிலிருந்தும் விளக்கிலிருந்தும் வரும் ஒளியைப் பற்றிய பேச்சு அது. மங்கலான மஞ்சள் விளக்கின் கீழ் இருக்கும் நீலச் சுவர் தூக்கத்தை ஒன்றும் செய்யாது. தலைமாட்டுச் சுவரை நீங்கள் படுத்திருக்கும்போது பார்ப்பதில்லை. கொஞ்சம் அழுத்தமான நிறம் ஆசையாக இருந்தால் அதை அங்கே அடியுங்கள். எதிர்ச் சுவரும் கூரையும் சாந்தமாக இருக்கட்டும்.

கூடம் எல்லோருக்கும் பொது என்பதால் அங்கே யாருடைய தீவிர விருப்பத்தையும் நான்கு சுவரில் ஏற்ற வேண்டாம். சுவர் நடுநிலையாக இருந்தால் மெத்தை உறை, விரிப்பு, படம் என்று மாற்றக்கூடியவற்றில் அழுத்தமான நிறத்தைக் கொண்டுவரலாம். 60-30-10 என்றொரு கணக்கு சொல்வார்கள்: அறையில் அறுபது பங்கு ஒரு நிறம், முப்பது பங்கு இன்னொன்று, பத்துப் பங்கு எடுப்பான நிறம். தொடங்குபவர்களுக்கு நல்ல கைப்பிடிதான். அளந்து பார்க்க வேண்டிய சட்டம் இல்லை. சமையலறையில் நிறத்தைவிட வேலை மேடையில் விழும் வெளிச்சம் முக்கியம். குளியலறையில் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதிரே பச்சை வேண்டாம், முகம் நோயாளி போலத் தெரியும். குழந்தைகள் அறைக்குப் பளிச்சென்ற நிறங்களே வேண்டும் என்று கட்டாயமில்லை. பொம்மைகளும் புத்தகங்களுமே அந்த வேலையைச் செய்துவிடும்.

வயதானவர் இருக்கும் அறையில் இந்தக் கணக்கே மாறும். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகும் ஒளி, இருபது வயதில் போனதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். வெளிர்நீலத்துக்கும் வெளிர்பச்சைக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். இங்கே மனநிலையைவிடப் பாதுகாப்பு முதலில் வருகிறது. கதவுச் சட்டம் சுவரிலிருந்து தனித்துத் தெரிய வேண்டும்; படிக்கட்டின் விளிம்பு தெரிய வேண்டும்; வெள்ளைக் குளியலறையில் வெள்ளைக் கைப்பிடி இருந்தால் கண்ணுக்குத் தட்டுப்படாது. நிறவகையை மாற்றினால் மட்டும் போதாது, ஒன்று வெளிறியும் மற்றது இருண்டும் இருக்க வேண்டும். நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கும் இதே வழிதான் உதவும். ஆண்களில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒருவருக்கு அது இருக்கிறது என்பார்கள்.

இப்போது உங்கள் அலுவலக அறை. வெள்ளைதான் வேலைக்கு உகந்தது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் நான்சி க்வாலெக் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் வெவ்வேறு நிற அலுவலக அறைகளில் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தார். வெள்ளையும் வெளிர்பழுப்புமே பிடிக்கிறது என்று பங்கேற்றவர்கள் சொன்னார்கள். ஆனால் பிழை திருத்தும் வேலையில் வெள்ளை அறையில் இருந்தவர்கள் சிவப்பு, நீல அறைகளில் இருந்தவர்களைவிட அதிகம் தவறவிட்டார்கள். அவருடைய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு வேறொன்று. சுற்றிலும் நடப்பதை மனத்துக்குள் விடாமல் வடிகட்டும் திறன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்தத் திறன் குறைந்தவர்கள் சிவப்பு அறையில் திணறினார்கள், நீலப்பச்சை அறையில் நன்றாகச் செய்தார்கள்; திறன் அதிகம் உள்ளவர்களைச் சிவப்பு அவ்வளவாகப் பாதிக்கவில்லை. பக்கத்தில் வானொலி ஓடினால் உங்களால் கணக்குப் போட முடியுமா? முடியாது என்றால் அலுவலக அறையில் அழுத்தமான நிறத்தைத் தவிருங்கள். முடியும், சத்தமே இல்லாவிட்டால்தான் வேலையில் தூக்கம் வந்துவிடுகிறது என்பவரானால் ஒரு சுவரில் துணிந்து அடிக்கலாம்.

எங்கே அடிப்பது என்பதும் முக்கியம். திரைக்குப் பின்னால் நீங்கள் பார்த்துக்கொண்டே இருக்கும் சுவர் நடுத்தர வெளிர்மையில், பளபளப்பில்லாத மேட் ஃபினிஷில் இருக்கட்டும். அது பளீர் வெள்ளையானால் கூசும். கருநிறமானால் வெளிச்சமான திரைக்கும் இருட்டுச் சுவருக்கும் இடையில் கண் மாறி மாறிச் சோர்ந்துபோகும். பளபளப்புப் பெயின்ட் சன்னலைத் திருப்பிக் காட்டும். அலுவலக விளக்கமைப்புக்கான ஐரோப்பிய தர நெறி ஒன்று, 2011 பதிப்பில், விழும் ஒளியில் எத்தனை சதவீதத்தைப் பரப்பு திருப்பி அனுப்ப வேண்டும் என்று சொன்னது: கூரை 70 முதல் 90, சுவர் 50 முதல் 80, தரை 20 முதல் 40. மேசையில் 500 லக்ஸ் ஒளி (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியின் அலகு). பெயின்ட் நிறுவனங்கள் ஒவ்வொரு சாயலுக்கும் இந்தத் திருப்பும் அளவை எல்.ஆர்.வி. என்ற பெயரில் தருகின்றன. ஷேடு கார்டின் பின்பக்கம் பாருங்கள். நிறவகையைவிட இந்த எண்தான் வேலை அறையில் உங்களுக்குத் துணை. எடுப்பான நிறம் வேண்டுமென்றால் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவர் சரியான இடம். வேலை செய்யும்போது கண்ணில் படாது, காணொளி அழைப்பில் நல்ல பின்னணியாகவும் இருக்கும். படங்களின் நிறத்தைச் சரிசெய்யும் வேலை உங்களுடையது என்றால் இந்தச் சுதந்திரமும் இல்லை. அந்த அறைக்கு நடுநிலைச் சாம்பல்தான், வேறு வழி கிடையாது.

பலர் சேர்ந்து வேலை செய்யும் இடத்துக்கும் யோசனை கேட்டிருந்தீர்கள். அர்ஜென்டினா, சவூதி அரேபியா, சுவீடன், பிரிட்டன் ஆகிய நாடுகளில் 988 ஊழியர்களிடம் நடத்தி 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, வெளிச்சம் மிகக் குறைவாக இருப்பதாக உணர்ந்தவர்களின் மனநிலை மிகத் தாழ்ந்திருந்ததைக் கண்டது. அளவான வெளிச்சத்தில் மனநிலை உயர்ந்தது; கூசும் அளவு போனதும் மறுபடி இறங்கியது. நிறம் நிறைந்த சூழலில் இருந்தவர்களின் மனநிலையும் மற்றவர்களைவிட மேலாக இருந்தது. ஆகவே பொது அலுவலகத்தில் பணத்தை முதலில் விளக்குக்குச் செலவழியுங்கள். பிறகு, மேசை இருக்கும் பகுதி சாந்தமாக, நடைபாதையும் கூடிப் பேசும் இடமும் துடிப்பாக என்று பிரித்து அடியுங்கள். யாரும் அங்கே மணிக்கணக்கில் நிற்பதில்லை என்பதால் அழுத்தமான நிறம் அலுக்காது. தொழிற்கூடம் என்றால் சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகியவற்றைச் சுவருக்கு எடுக்காதீர்கள். தீயணைப்பான், எச்சரிக்கை, அவசர வழி ஆகியவற்றுக்குப் பல நாடுகளில் ஒதுக்கிய நிறங்கள் அவை. சுவரும் அதே நிறமானால் ஆபத்து நேரத்தில் பலகை கண்ணில் படாது.

சிறிய அறையைப் பெரிதாகக் காட்டுவது பற்றி ஒரு வார்த்தை. கூரை வெளிறி இருந்தால் உயரம் கூடித் தெரிகிறது என்பது 2010-இல் நடந்த சோதனைகளில் உறுதியானது. சுவர் வெளிறி இருப்பதும் சேர்ந்து உதவுகிறது. தரையின் நிறத்துக்கு அதில் பங்கு தெரியவில்லை. சுவரை இருட்டாக்கிக் கூரையை மட்டும் வெளிறவிட்டால் உயரம் கூடும் என்ற பழைய யோசனைக்கு அங்கே ஆதரவு கிடைக்கவில்லை. ஆனால் சன்னலே இல்லாத சின்ன அறைக்கு வெள்ளை அடித்தால் அது வெள்ளையாகத் தெரியாது, மூலையெல்லாம் சாம்பல் படிந்துவிடும். அங்கே பெரிதாகக் காட்டும் முயற்சியை விட்டுவிட்டு, கதகதப்பான நடுத்தரச் சாயலும் நல்ல விளக்கும் கொடுப்பது மேல்.

கடைசியாக, வேலையின் வரிசை. பெயின்ட்டை முதலில் முடிவு செய்யாதீர்கள். தரை, பெரிய மரச்சாமான், திரைச்சீலை ஆகியவற்றில் கிடைக்கும் நிறங்கள் குறைவு. பெயின்ட்டில் ஆயிரக்கணக்கில் உண்டு. குறைவானதை முதலில் தேர்ந்து, விளக்கைப் பொருத்தி, அதற்கப்புறம் அட்டைச் சோதனைக்கு வாருங்கள். முதலில் ஓர் அறையை மட்டும் அடித்து ஒரு வாரம் புழங்கிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு வாங்குங்கள். ஒவ்வொரு அறைக்கும் எடுத்த சாயலின் எண், ஃபினிஷ், டப்பாவின் தொகுப்பு எண் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சாயல் எண் இருந்தாலும் தொகுப்பு மாறினால் நிறம் ஒரு நூல் மாறலாம். அதனால் ஒரு சுவருக்குத் தேவையான பெயின்ட்டை ஒரே தொகுப்பிலிருந்து வாங்கிவிடுங்கள், கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும்.